கடைசி சீட்டு

2024 தொடக்கத்தில் ஒருநாள் தம்பி போன் செய்தான். "அண்ணா, வண்டிக்கு ஆர்.சி. முடியுது. ரினீவல் பண்றதா, மாத்தறதா? நீதான் எக்ஸெல்ல போட்டுப் பாப்பியே, பாத்துச் சொல்லு."

எங்கள் வீட்டில் வண்டி என்றால் ஒன்றுதான். 2009 மாடல் இன்னோவா, டீசல், எட்டுப் பேர் உட்காரும் வகை. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பணம் பெரிதில்லை, ஆனால் அந்தத் தேதி ஒரு கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. இதை இன்னும் வைத்திருக்கலாமா?

அப்பா திருப்பூரில் ஒரு சின்ன பவர் டேபிள் நடத்தினார். ஜாப் ஒர்க்தான். கட்டிங் ஆன துணி வரும், தைத்து அனுப்புவோம். 2012-இல் தொழில் கொஞ்சம் தலைதூக்கியபோது இந்த வண்டியைப் பழையதாக வாங்கினார். அப்போதும் ஒரு ஒப்பீடு நடந்தது. பேப்பரில் இல்லை, டீக்கடையில். டாடா சுமோ உறுதி, ஆனால் குலுக்கும். தவேரா விலை குறைவு. மகிந்திரா சைலோவில் இடம் தாராளம். இன்னோவாவோ 2005-இல், நன்றாக விற்றுக்கொண்டிருந்த குவாலிஸை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வந்த வண்டி. "ஓடற குதிரைய நிறுத்திட்டு இன்னொண்ண எறக்கறான்னா அதுல என்னமோ இருக்குது" என்பதுதான் அப்பாவின் மொத்த ஆய்வறிக்கை. பன்னிரண்டு வருடம் அந்த முடிவு தப்பாகவில்லை.

நான் பெங்களூருவில் மென்பொருள் வேலை செய்கிறேன். டீக்கடை ஆய்வில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அட்டவணை போட்டேன். பழைய இன்னோவா, மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ் ஏழு சீட், கேரன்ஸ் ஆறு சீட், பழைய இன்னோவா கிரிஸ்டா என்று ஐந்து வரிசை.

எண்கள் சுவாரசியமானவை. எங்கள் வண்டியின் எஞ்சின் 2,494 சிசி, 102 குதிரைத்திறன். கேரன்ஸ் டீசலுக்கு 1,493 சிசி, ஆனால் சுமார் 115 குதிரைத்திறன். பாதி அளவைவிடக் கொஞ்சமே பெரிய எஞ்சின், அதிக சக்தி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இன்னோவாவில் 2,750 மில்லிமீட்டர், எர்டிகாவில் 2,740, கேரன்ஸில் 2,780. பார்க்கச் சின்னதாகத் தெரியும் வண்டிக்குள் அந்தத் தூரம் அதிகம். எங்கள் வண்டியில் ஒரு ஏர்பேக்கூட கிடையாது. கேரன்ஸில் எல்லா வகையிலும் ஆறு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எர்டிகா 2019-இலும் கேரன்ஸ் 2022-இலும் மூன்று நட்சத்திரம் வாங்கின. எங்கள் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு அப்பா நல்ல மனநிலையில் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

பிறகு எடைமதிப்பு. விலை 20, பாதுகாப்பு 25, மைலேஜ் 15, ஓட்டும் சுகம் 15, இடவசதி 15, சர்வீஸ் 10. மொத்தம் நூறு. கேரன்ஸ் ஏழு சீட் முதலிடம். ஆறு சீட் வகை இரண்டாமிடம். விலை அதிகம், சீட் ஒன்று குறைவு. எங்கள் இன்னோவா கடைசி. கலர் எல்லாம் அடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். தம்பி கட்டைவிரல் தூக்கினான். அப்பா பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

*

அப்பாவின் பதில் அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது வந்தது. "எல்லாஞ் செரி. இந்த வண்டி நமக்குச் செஞ்சதுக்கு எத்தன மார்க்கு போட்ட?"

சிரித்துவிட்டேன். ஆனால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. பாட்டியைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த வண்டி. ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிஃப்ட் ஓடிய ராத்திரிகளில் தையல்காரர்களை வீட்டில் கொண்டுபோய் விட்டது அந்த வண்டி. அவசரத்துக்கு சீட்டை மடக்கிவிட்டு பனியன் பண்டல்கள் ஏற்றியிருக்கிறோம்.

ஜி. ஏ. கோஹன் என்றொரு தத்துவவாதி. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மார்க்சியர், 2009-இல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவர் ஒரு ஆச்சரியமான விஷயத்துக்காக வாதாடினார். மதிப்புள்ள ஒரு பொருள் இப்போது இருக்கிறது என்பதே அதைக் காப்பாற்ற ஒரு காரணம். அதைவிடச் சற்று மேலான ஒன்று கிடைக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றிவிடக் கூடாது. எதையும் அது தருகிற பயனின் அளவாக மட்டும் பார்த்தால், எல்லாமே எப்போது வேண்டுமானாலும் மாற்றத்தக்க உதிரிபாகமாகிவிடும். அந்தப் பொருளுக்கு என்று இருக்கும் மதிப்பைத் தவறவிடுவோம். நமக்கும் அதற்குமான உறவால் வரும் மதிப்பையும் தவறவிடுவோம்.

திருப்பூர்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. 3,000 பீஸ் லாட் என்றால் வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 அளவுகோலில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைகள் ஏழுவரை இருந்தால் லாட் பாஸ். எட்டு என்றால் ரிஜெக்ட். அந்த எட்டாவது குறை ஒரு தையல் விட்டுப்போனதாக இருக்கலாம். ரிஜெக்ட் ஆன சரக்கு காதர்பேட்டைக்கு வந்து குவியும், யாரோ வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், உடம்புக்குக் கச்சிதமாக இருக்கும். பையருடைய அளவுகோல் பொய் இல்லை. ஆனால் அது பையருடையது. என் அட்டவணையும் அப்படி ஒரு செக்கிங் டேபிள்தான் என்று அப்பா எனக்குப் புரியவைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அட்டவணையை மூடிவைத்தேன். ரினீவல் செய்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது போலத்தான் இருந்தது.

*

அந்த வாரக் கடைசியில் பழனிக்குப் போனோம், தாராபுரம் வழியாக. தம்பியின் மாமனாரும் மாமியாரும் உடன் வந்தார்கள். எட்டுப் பேர். அப்பா ஓட்டினார், மாமனார் முன்னால். நடுவில் மாமியார், தம்பி மனைவி, தம்பி. கடைசியில் அம்மா, தம்பி மகள், நான். விவரம் தெரிந்து அந்த வண்டியின் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அங்கே ஜன்னல் கண்ணாடி இறங்காது. இன்னோவா சேஸிஸ் மேல் பாடி உட்காரும் வகை வண்டி. தரை உயரம். அதனால் கடைசி வரிசையில் கால் கீழே தொங்காது, முட்டி மேலே எழும்பி நிற்கும். பின் அச்சுக்குக் கிட்டத்தட்ட மேலேயே இருக்கிறோம், வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் கையெழுத்துப் போடுகிறது. என் அட்டவணையில் 'இடவசதி 15, ஓட்டும் சுகம் 15' என்று சமமாகப் போட்டிருந்தேன். ஓட்டுகிறவர் ஒருவர். இடம் வேண்டியவர்கள் ஏழு பேர். ஒருவருக்கு 15, ஏழு பேருக்கும் சேர்த்து 15. போடும்போது அது என் கண்ணில் படவே இல்லை.

பொறியியல் முடித்துவிட்டுத் தத்துவம் படிக்க ஆரம்பித்தவர்கள் எல்லாரும் முதலில் போய் நிற்கிற இடம் ஜான் ரால்ஸ். 1971-இல் வந்த 'நீதியின் கோட்பாடு' நூலில் அவர் சொன்ன 'அறியாமைத் திரை' பிரபலமானது. ஒரு சமூகத்தின் விதிகளை எழுதும்போது, அதில் நீ யாராகப் பிறப்பாய் என்று உனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள். பணக்காரனா, ஏழையா, எதுவும் தெரியாது. அப்போது எந்த விதிகளை ஒப்புக்கொள்வாயோ, அவைதான் நியாயமானவை. ரால்ஸ் இதைச் சமூகத்தின் அடிப்படை அமைப்புக்குச் சொன்னார், கார் வாங்குவதற்கு இல்லை. ஆனாலும் மூலனூர் தாண்டுவது போல நீண்டுகொண்டே போன அந்தப் பயணத்தில் எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எந்த சீட்டில் உட்காரப்போகிறாய் என்று தெரியாமல் வண்டியைத் தேர்ந்தெடு. அப்படிச் செய்தால் எல்லாரும் முதலில் கடைசி வரிசையைத்தான் போய்ப் பார்ப்பார்கள்.

மனதுக்குள்ளேயே அட்டவணையைத் திருத்த ஆரம்பித்தேன். மூன்றாம் வரிசை முட்டி இடம், தலை இடம், ஏசி காற்று. தனித்தனிக் கட்டங்கள். திருப்தியாக இருந்தது.

தாராபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். நடு சீட்டை மடக்கி வழிவிட்டதும் நான் இறங்கினேன். அம்மா இறங்கவில்லை.

"வாங்கம்மா, கால நீட்டிக்கலாம்."

"வேண்டாஞ் சாமி. நீங்க குடிங்க."

"தண்ணியாச்சும் குடிங்க."

"தண்ணி குடிச்சா அப்பறம் எறங்கோணும். எறங்கோணும்னா எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லோணும். நா வண்டில வந்தா தண்ணியே குடிக்கறதில்ல கண்ணு."

மிகச் சாதாரணமாகச் சொன்னார். பேருந்தில் ஜன்னலோரம் பிடிக்கும் என்று சொல்வது போல. பன்னிரண்டு வருடம். பழனி, சிவன்மலை, கோயமுத்தூர்க் கல்யாணங்கள், ஒருமுறை திருச்செந்தூர்வரை. அவ்வளவு தூரமும் ஒரு மனுஷி தாகத்தோடு வந்திருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு, "அம்மாவுக்கு ஒண்ணும் வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டு ஏறியிருக்கிறோம்.

திரும்பி வரும்போது கேட்டேன். "உங்களுக்கு இந்த வண்டி புடிக்குமாம்மா?"

கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "ஏறி எறங்கறதுக்கே முட்டி போயிருது. அதவிட, முன்னால நீங்கெல்லாம் பேசிச் சிரிப்பீங்க. எனக்கு ஒண்ணும் கேக்காது. என்னன்னு கேட்டா 'ஒண்ணுமில்லம்மா'ம்பீங்க. அப்பறம் கேக்கறதே இல்ல."

*

இந்த இடத்தில் ரால்ஸ் எனக்குக் கைகொடுக்கவில்லை. அவர் மேல் தப்பில்லை, நான் பயன்படுத்திய விதம் தப்பு. அறியாமைத் திரைக்குப் பின்னால் போய் நின்று நான் கற்பனை செய்தது முட்டி இடத்தையும் தலை இடத்தையும். கடைசி வரிசையில் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள் என்பதையோ, முன்னால் நடக்கும் பேச்சு அங்கே வந்து சேராது என்பதையோ என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதே வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுகூட முடியவில்லை. நான் யார் என்பதை மறந்துவிட்டால் மற்றவருடைய நிலைமை தெரிந்துவிடும் என்று நினைத்தது பிழை. அதைத் தெரிந்துகொள்ள மற்றவரைக் கேட்க வேண்டும். அவ்வளவு எளிமையான விஷயம்தான். அதைத் தவிர்க்கத்தான் நாம் இவ்வளவு யோசிக்கிறோமோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் உடைந்தது. அட்டவணைக்கு எதிராக அப்பாவின் விசுவாசத்தை வைத்து, அதுதான் மனிதத்தன்மை உள்ள பார்வை என்று நம்பியிருந்தேன். ஆனால் அந்த விசுவாசமும் ஓட்டுநர் சீட்டிலிருந்து எழுதப்பட்டதுதான். கோஹன் சொல்லும் உறவின் மதிப்பு உண்மையானது. அப்பாவுக்கு அந்த வண்டியோடு அப்படி ஓர் உறவு இருந்தது. ஆனால் 'நம்ம வண்டி' என்று அவர் சொன்ன 'நம்ம'வுக்குள் அம்மா இருந்தாரா? ஒரு பொருளை நேசிப்பவர் தன் நேசத்தைக் குடும்பத்தின் நேசமாக அறிவித்துவிடும்போது அங்கே ஒரு குரல் அமுங்குகிறது. என் எண்களும் அப்பாவின் நினைவுகளும் சண்டை போட்டது போலத் தெரிந்தாலும் இரண்டும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தன.

இதை அப்பாவிடம் இவ்வளவு வார்த்தைகளில் சொல்லவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஆட்களைக் கொண்டுபோய் விடும்போது யார் எங்கே உட்காருவார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார். முன்னால் சூப்பர்வைசர். நடுவில் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் டெய்லர்கள். கடைசியில் கைமடிப் பெண்கள். சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொண்டார். கூலி எந்த வரிசையில் இறங்குகிறதோ அதே வரிசை. யாரும் விதி போட்டதில்லை. ஏறும்போதே அவரவர்க்குத் தெரிந்திருந்தது. அப்பாவும் தெரிந்தேதான் செய்தார் என்று சொல்ல முடியாது. நாற்பது வருடம் தொழில் செய்தவருக்கு அது கதவு திறப்பது போல ஒரு பழக்கம்.

"ஒருத்தி எப்பவும் கடைசியா எறங்குவா. வீடு முன்னாலயே வந்துரும். சீட்ட மடக்கச் சொல்றதுக்குக் கூச்சப்பட்டுட்டு, எல்லாரும் எறங்கறவரைக்கும் சுத்தி வருவா" என்றார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

*

கடைசி வரிசை வண்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா என்பது அடுத்த கேள்வி. இதை யோசிக்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

சென்னிமலைக்குப் பக்கம் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில வருடங்களில் அது எங்கள் ஊர் சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. பாசனத்துக்கு வர வேண்டிய தண்ணீர் வயலையும் கிணற்றையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்றைக்கு ஊரே ஸ்தம்பித்தது. எங்கள் டேபிளும் பல நாள் சும்மா கிடந்தது. வீட்டில் கோபமாகப் பேசினோம். ஒரு பனியனின் விலைக் கணக்கில் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாவற்றுக்கும் பைசா சுத்தமாகக் கட்டம் இருந்தது. ஒரத்துப்பாளையத்துக்குக் கட்டம் இல்லை. கணக்கில் தப்பே இல்லை, கணக்கில் இல்லாதவர்கள்தான் இருந்தார்கள். இப்போது பட்டறைகள் கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அந்தச் செலவு கட்டமாக ஏறிவிட்டது. தொழில் அதோடு அழிந்துவிடவில்லை.

எங்கள் வண்டியின் எஞ்சின் 2020-இல் வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு வெகுகாலம் முந்தையது. மேடேறும்போது கரும்புகை விடும். அந்தப் புகை எங்களில் யார் மேலும் படுவதில்லை. பின்னால் மொபெட்டில் வருகிறவர்மேல் படும். அவர்தான் எங்கள் வண்டியின் நான்காம் வரிசை. நாங்கள் அவரிடம் கேட்டதும் இல்லை, கேட்கவும் முடியாது. கேட்க முடிந்தவரைக் கேட்பதும், கேட்க முடியாதவருக்கு ஒரு கட்டம் போட்டு வைப்பதும் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு ரினீவல் பேச்சு தானாக நின்றது.

*

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூம்களுக்குப் போனோம். ஒரு விற்பனையாளர் அப்பாவை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து டச் ஸ்கிரீனை விளக்க ஆரம்பித்தார். அம்மா நேராகப் பின்னால் போய் ஏறினார். "உள்ள இருந்துட்டு நானே இந்த முன் சீட்ட மடக்கிட்டு எறங்க முடியுமாங்க?" என்று கேட்டார். அந்தப் பையன் ஒரு நொடி விழித்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்கம்மா, பாக்கலாம்" என்றான். ஒரு வண்டியில் முடிந்தது, இன்னொன்றில் சிரமப்பட்டார்.

கடைசியில் அம்மா சொன்னது கேரன்ஸ், ஆறு சீட் வகை. நடுவில் இரண்டு தனித்தனி சீட்டுகள், இடையில் கடைசி வரிசைக்குப் போக வழி. "இதுல யாரையும் கேக்க வேண்டியதில்ல." என் அட்டவணையில் ஒரு சீட் குறைவு என்று மதிப்பெண் வெட்டி இரண்டாமிடத்தில் வைத்திருந்தது. அம்மா பார்த்தது அந்த இல்லாத சீட்டைத்தான்.

ஒரு நண்பன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கடைசில உன் ஷீட் சொன்ன அதே வண்டிதானே? இவ்வளவு சுத்தி எதுக்கு?" நியாயமான கேள்வி. கிட்டத்தட்ட அதே விடைதான், வித்தியாசம் ஒரு முழம் அகல வழி. ஆனால் கேட்காமல் வாங்கியிருந்தால், அது இன்னும் வசதியான வண்டியாக இருந்திருந்தாலும், அம்மா அதிலும் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அவரைத் தடுத்தது சீட்டின் அமைப்பு மட்டும் இல்லை. தனக்காக வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டால்தான் கொடுக்க முடியும். சரியான விடையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதால் முடியாது.

பழைய வண்டியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதை உடைக்கக் கொடுக்கவில்லை. காங்கேயம் பக்கம் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவருக்கு விற்றோம். நல்ல விலை கிடைத்தது. அது இன்னும் பல வருடம் பாத்திரங்களும் ஆட்களுமாக ஓடும், புகையும் விடும். நான்காம் வரிசையைப் பற்றி இவ்வளவு யோசித்தவன் அதை வேறு சாலைக்கு மாற்றிவிட்டதோடு சரி. அப்பா சாவியைக் கொடுக்கும்போது கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். வாங்கியவரிடம், "பின்னாடி உக்கார்றவங்களுக்கு இந்த சீட்ட நீங்கதானுங்க மடக்கி உடோணும், மறந்துராதீங்க" என்றார். அவர் தலையாட்டினார். கேட்டாரா என்று தெரியாது.

புது வண்டியில் இப்போது பெரும்பாலும் நான்தான் கடைசி சீட்டில். அம்மா நடுவில். போன மாதம் அவிநாசி ரோட்டில் போகும்போது முன்னால் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னம்மா?" என்றேன்.

அம்மா திரும்பி, அந்தக் கதையை முதலிலிருந்து முழுசாகச் சொன்னார்.